கோர் பெட்டிகளைக் குழியில் கொட்டாதீர்கள்

கனிமத் தேட்ட நிறுவனங்களின் இயக்குநர்களுக்கும், அவற்றுக்கு உரிமம் வழங்கும் அரசுத் துறைகளின் அதிகாரிகளுக்கும்,

நான் முன்பு நிலவியலாளராக வேலை பார்த்த ஒரு தேட்டப் பகுதியின், அதாவது துளையிட்டுக் கனிமம் தேடிய ஓர் இடத்தின், உரிமத்தை, அதை வைத்திருந்த நிறுவனம் அண்மையில் திருப்பிக் கொடுத்தது. போகும்போது இடத்தைச் சுத்தம் செய்து ஒப்படைக்க வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை. அதன்படி துளைகளின் வாயை அடைத்தார்கள். வண்டித் தடங்களைக் கீறிவிட்டு விதை தூவினார்கள். கொட்டகையைப் பிரித்தார்கள். இதுவரை எல்லாம் சரி. அப்புறம், கொட்டகையில் அடுக்கியிருந்த கோர் பெட்டிகள் (துளையிட்டு எடுத்த பாறை உருளைகளை வைத்த பெட்டிகள்) அத்தனையையும் லோடரில் அள்ளிக்கொண்டு போய், பக்கத்தில் கைவிடப்பட்டிருந்த திறந்தவெளிச் சுரங்கக் குழியில் கொட்டி மண்ணைப் போட்டு மூடினார்கள். மூன்று நான்கு நிறுவனங்கள் கைமாறி, பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த கற்கள் அவை. பார்வையிட வந்த அதிகாரி, இடம் ஒழுங்காகச் சுத்தம் செய்யப்பட்டிருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இதில் எந்த விதியும் மீறப்படவில்லை. என்னால் பேசாமல் இருக்க முடியாததற்குக் காரணமே அதுதான். அந்த நிறுவனத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. கோர் பார்க்கும் தொழிலில் இருக்கும் யாரைக் கேட்டாலும் இதேபோல ஒரு கதை சொல்வார்கள். ஒரு நிறுவனத்தைக் குற்றவாளியாக்கிவிட்டு மற்றவர்கள் தப்பித்துக்கொள்வதில் எனக்கு விருப்பமில்லை.

துறைக்கு வெளியே இருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காகச் சில வரிகள். வைரத்துகள் பதித்த வளைய முனையைக் கொண்டு பாறையில் துளை போடும்போது, வளையத்தின் நடுவே சிக்கும் பாறை ஓர் உருளையாக மேலே வருகிறது. அதைத்தான் கோர் என்கிறோம். வழக்கமான அளவுகள் ஏறத்தாழ 36 முதல் 64 மில்லிமீட்டர் விட்டம். ஆழம் எழுதிய சிறு கட்டைகளை இடையிடையே வைத்து, புத்தகத்தின் வரிகளைப் போல இடமிருந்து வலமாகப் பெட்டிகளில் அடுக்குவார்கள். நிலவியலாளர் அதை நனைத்துப் பார்த்து, எந்த ஆழத்தில் என்ன பாறை என்று ஒரு பதிவு எழுதுவார், அது லாக். முக்கியமாகத் தெரியும் பகுதிகளை ரம்பத்தால் நெடுக்காகப் பிளந்து ஒரு பாதியை ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். மறுபாதி பெட்டியிலேயே இருக்கும். ஒரு தேட்டத் திட்டத்தில் பெரும் செலவு பிடிப்பது துளையிடும் வேலைதான். அவ்வளவு செலவுக்கும் கையில் எஞ்சும் பொருள் என்றால் அது இந்தப் பெட்டிகள் மட்டும்தான்.

நான் குறிப்பாகப் பேசுவது பூமியின் மிகப் பழைய எரிமலைப் பட்டைகளைப் பற்றி. கிரீன்ஸ்டோன் பெல்ட் என்று நாங்கள் சொல்பவை. கனடாவின் அபிடிபி, மேற்கு ஆஸ்திரேலியாவின் யில்கார்ன் பகுதிப் பட்டைகள், தென்னாப்பிரிக்காவின் பார்பர்டன், கர்நாடகத்தின் கோலார், ஹட்டி எல்லாம் இந்த இனம். பெரும்பாலும் 250 கோடி ஆண்டுகளுக்கு முந்தையவை. பார்பர்டனின் அடிப்பகுதிப் பாறைகள் 350 கோடி ஆண்டுகளைத் தொடுகின்றன. செம்பு, நிக்கல், தங்கம் மூன்றுமே இந்தப் பட்டைகளில் கிடைக்கும். மூன்றும் அங்கே வந்து சேர்ந்த விதம் வேறு வேறு. அந்த வேறுபாடு தெரிந்தால்தான் நான் ஏன் இந்தக் கற்களுக்காக இப்படி மன்றாடுகிறேன் என்பது புரியும்.

செம்பு கடலடியில் சேர்ந்தது. எரிமலைக் குழம்பின் சூடு மேலே இருக்கும் பாறையைச் சூடேற்றும். விரிசல்கள் வழியே இறங்கிய கடல்நீர் சூடேறி, பாறையிலிருக்கும் உலோகங்களைக் கரைத்துக்கொண்டு திரும்ப மேலே பீறிடும். குளிர்ந்த கடல்நீரைத் தொட்டதும் உலோகங்கள் கந்தகத்தோடு சேர்ந்து சல்ஃபைடுகளாகப் படிந்து மேடு கட்டும். சூடு அதிகமான நடுப்பகுதியில் செம்பும், ஓரங்களில் துத்தநாகமும் சேர்வது வழக்கம். மேட்டுக்குக் கீழே, வெந்நீர் ஏறி வந்த பாதையில் இருந்த பாறை உருமாறிக் குளோரைட் என்ற கரும்பச்சைக் கனிமமாகிவிடும். மேட்டில் குவிந்த தாதுக்குழுவை விட இந்தக் குளோரைட் பகுதி பல மடங்கு பெரிது. ஆகவே துளை தாதுவைத் தவறவிட்டாலும், பக்கத்தில் தாது இருக்கிறது என்பதைக் குளோரைட் காட்டிக்கொடுக்கும். அதைப் படிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

நிக்கல் எரிமலைக் குழம்போடு வந்தது. கோமட்டைட் என்ற குழம்பு ஏறத்தாழ 1600 டிகிரி செல்சியஸ் சூட்டில் வெளியே வந்தது. இன்றைய எரிமலைகள் எதுவும் அந்தச் சூட்டைத் தொடுவதில்லை. பிசுபிசுப்பே இல்லாமல் தண்ணீராக ஓடிய அந்தக் குழம்பு, போகும் வழியில் தரையை உருக்கி வாய்க்கால் வெட்டியது. தரையில் கந்தகம் நிறைந்த படிவம் இருந்த இடத்தில் அந்தக் கந்தகத்தை வாரிக்கொண்டது. குழம்பில் இருந்த நிக்கலைக் கந்தகம் பிடித்துக்கொள்ள, கனமான சல்ஃபைடுத் திரவம் பிரிந்து வாய்க்காலின் அடியில் போய்த் தங்கியது. ஆக, நிக்கல் தேடுபவருக்குக் கோமட்டைட் படிவத்தின் அடிவிளிம்புதான் முக்கியம். சில அங்குலக் கனத்தில் இருக்கும் அந்த விளிம்பைப் பார்க்காமல் விட்டால் எதையும் பார்க்காத மாதிரிதான்.

தங்கம் கடைசியில் வந்தது. பட்டைகள் நெருக்குண்டு மடிந்து பிளவுபட்ட காலத்தில், ஆழத்திலிருந்து ஏறிய சூடான நீர்மங்கள் பிளவுகளின் வழியே வந்து, இரும்புச் சத்து மிக்க பாறைகளைத் தொட்ட இடங்களில் தங்கத்தை இறக்கிவைத்தன. குவார்ட்ஸ் நரம்புகளும் அவற்றை ஒட்டிய பைரைட் என்ற இரும்பு சல்ஃபைடும் அதன் அடையாளங்கள்.

அப்படியானால் தங்கத்துக்காகப் போடும் ஒரு துளை, அந்த நரம்பை அடையும் முன் பழைய கடலடியையும் பழைய குழம்பு வாய்க்கால்களையும் ஊடுருவிப் போகக்கூடும். அப்போது, துளை போட்டவர் நினைக்காவிட்டாலும், மூன்று உலோகங்களுக்கும் அது சோதனைத் துளைதான். ஆனால் ஆய்வகத்துக்குப் போவது நரம்பும் அதன் இருபக்கமும் சில மீட்டரும் மட்டும். அங்கேயும் செய்வது பெரும்பாலும் ஃபயர் அஸே: 30 அல்லது 50 கிராம் தூளை ஈயச் சேர்மத்தோடு உருக்கித் தங்கத்தைப் பிரித்து அளப்பார்கள். தங்கத்துக்கு அருமையான முறை. அதே தூளில் இரண்டு சதவீதம் நிக்கல் இருந்தாலும் அறிக்கையில் ஓர் எழுத்துகூட வராது.

ஒரு உலோகத்தை மட்டும் பார்க்கும் இந்தப் பழக்கத்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் தொழிலின் வரலாறே சாட்சி. கனடாவின் டிம்மின்ஸ் 1909 முதல் தங்கத்துக்குப் பேர்போன ஊர். அரை நூற்றாண்டுக்கு மேல் அங்கே தங்கம் தோண்டினார்கள். ஊருக்கு வடக்கே சுமார் 25 கிலோமீட்டரில் உலகின் மிகப் பெரிய செம்பு, துத்தநாகத் தாதுக்குழுக்களில் ஒன்று கிடந்தது. அதை 1963 நவம்பரில் கே-55-1 என்ற துளைதான் கண்டுபிடித்தது. விமானத்திலிருந்து எடுத்த மின்காந்த அளவீட்டில் தெரிந்த ஒரு குறியைத் தொடர்ந்து போட்ட துளை அது. அந்தக் கிட் கிரீக் சுரங்கம் பின்னாளில் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை போனது. முதல் துளையின் கோரைக் கண்ணால் பார்த்த உடனேயே நிறுவனத்துக்குள் இருந்தவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. வெளியே சொல்லாமல் பங்குகளை வாங்கினார்கள். அதனால் எழுந்த வழக்கில் 1968இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தந்த தீர்ப்பை உள்தகவல் வர்த்தகச் சட்டத்தில் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஒரு பெட்டிக் கோருக்கு எவ்வளவு மதிப்பு இருக்க முடியும் என்பதை நீதிமன்றமே உட்கார்ந்து எடைபோட்ட வழக்கு அது.

மேற்கு ஆஸ்திரேலியாவின் கம்பால்டாவிலும் இதே கதை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே தங்கம் தோண்டி, சில ஆண்டுகளில் விட்டுவிட்டுப் போனார்கள். 1966 ஜனவரியில் அதே இடத்தில் துளை போட்டபோது நிக்கல் சல்ஃபைடு கிடைத்தது. அந்த நாட்டின் நிக்கல் தொழிலே அங்கிருந்துதான் பிறந்தது. பிறகு 1980களில் அந்த நிக்கல் வயலை ஒட்டியே பெரிய அளவில் மறுபடி தங்கம் எடுக்கத் தொடங்கினார்கள். தங்கம் தேடியவர் நிக்கலைப் பார்க்கவில்லை, நிக்கல் தேடியவருக்குத் தங்கம் பின்னால்தான் தெரிந்தது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து ஹெம்லோவில் 1940களிலேயே தங்கத்துக்காகத் துளை போட்டிருந்தார்கள். சிறிய அளவில்தான் இருக்கிறது என்று முடிவு கட்டி விட்டுவிட்டார்கள். 1981இல் மறுபடி ஆரம்பித்து 76ஆவது துளையில்தான் பெரிய படிவத்தைத் தொட்டார்கள். கண்ணுக்குத் தெரியும் குவார்ட்ஸ் நரம்பில் இல்லாமல், பைரைட்டோடு பாறைக்குள் பரவிக் கிடந்த தங்கம் அது.

இனி என் சொந்த அனுபவம். அந்தக் கொட்டகையில், எனக்கு முந்தைய தலைமுறையில் யாரோ போட்ட ஒரு துளையின் பெட்டிகளை மறுபடி பார்க்கும் வேலை எனக்கு வந்தது. பெட்டிகளின் மரம் கறையான் அரித்துப்போயிருந்தது. அலுமினியத் தகட்டில் ஆணியால் கீறிய துளை எண் மட்டும் தெளிவாக இருந்தது. தாளில் இருந்த லாக், அந்தப் பகுதி முழுவதையும் ஒரே வரியில் முடித்திருந்தது: பச்சை நிறம், மென்மை, தங்க வாய்ப்பு இல்லை. கோரைப் பார்த்தால் அந்த வரி எப்படி வந்தது என்பது தெரிந்தது. நரம்பு இருந்த இடத்தில் மட்டும் கோர் பாதியாகப் பிளந்திருந்தது. மற்ற இடமெல்லாம் முழு உருளை. எங்கள் தொழிலில் முழு உருளை என்றால், ரம்பம் தொடவில்லை, ஆய்வகம் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

தூசியைக் கழுவி ஈரத்துணியால் துடைத்தேன். சாம்பல் கலந்த பச்சைப் பரப்பில், ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் நீளமான மெல்லிய தகடுகள் தெரிந்தன. கோமட்டைட் குழம்பின் மேற்பகுதி சட்டென்று குளிரும்போது ஆலிவின் என்ற கனிமத்தின் படிகங்கள் இப்படித்தான் வளரும். ஸ்பினிஃபெக்ஸ் அமைப்பு என்போம். ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். அப்படியே ஆழம் நோக்கிப் பெட்டி பெட்டியாக நகர்ந்தேன். தகடுகள் மறைந்து, மணிமணியான கனத்த பாறை வந்தது. அது முடிந்து அடியில் இருந்த கறுப்புப் படிவம் தொடங்கும் இடத்தில், விரலகலத்துக்கு ஒரு பட்டை. துருவும் வெள்ளைப் பூப்பும் ஏறியிருந்தது. சுரண்டிவிட்டால் உள்ளே வெண்கல நிறம். காந்தத்தை வைத்ததும் ஒட்டியது: பைரோடைட் என்ற இரும்பு சல்ஃபைடு. கைலென்ஸில் பார்த்தபோது அதற்குள்ளே வெளிர் மஞ்சளாகச் சில புள்ளிகள் மினுங்கின. பென்ட்லாண்டைட்டாக இருக்கலாம். அதாவது நிக்கல் தாது. இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். ஆய்வகம் சொல்லாமல் உறுதியாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

அந்தப் பட்டையையும் அதன் இருபக்கத்தையும் நிக்கலுக்கும் செம்புக்கும் பரிசோதிக்க அனுமதி கேட்டு, படங்களோடு குறிப்பு எழுதினேன். நாம் தங்க நிறுவனம், இந்த ஆண்டுக்கான பரிசோதனைச் செலவு முழுவதும் தங்கத்துக்குத்தான் என்று பதில் வந்தது. மறுபடி கேட்டேன். பதிலே வரவில்லை. சில காலம் கழித்து நிறுவனம் வெளியேறியது. அந்தப் பெட்டியும் மற்றவற்றோடு குழிக்குப் போனது.

அந்த விரலகலப் பட்டைக்குள் சுரங்கம் ஒளிந்திருந்தது என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் இருந்திருக்காது. இந்த எரிமலைப் பட்டைகளில் போடும் துளைகளில் மிகப் பெரும்பாலானவை எதையும் தராது. அதைத் தெரிந்துகொண்டுதான் எல்லாரும் இந்தத் தொழிலுக்கு வருகிறோம். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இத்தகைய பச்சைப் பாறைகளில் ஆலிவின், செர்பன்டைன் போன்ற சிலிகேட் கனிமங்களுக்கு உள்ளேயே கொஞ்சம் நிக்கல் எப்போதும் இருக்கும். ஆய்வக எண் 0.2 சதவீதம் என்று காட்டும், ஆனால் அதைப் பிரித்தெடுத்து லாபம் பார்க்க முடியாது. சல்ஃபைடில் இருக்கும் நிக்கலா, சிலிகேட்டில் இருக்கும் நிக்கலா என்று பிரித்துப் பார்க்காமல் எண்ணை மட்டும் வைத்துக் குதிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அதைச் சரிபார்க்கவும் கல் வேண்டும். நிக்கல் இல்லை என்று உறுதியாகத் தெரிந்துகொள்வதும் ஒரு லாபம்தான். அடுத்தவர் அங்கே இன்னொரு துளை போட வேண்டியதில்லை.

நீங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். எல்லாத் தகவலும் கணினியில் இருக்கிறது, லாக் இருக்கிறது, படம் இருக்கிறது, கல் எதற்கு? இந்தப் பதிலை நான் துளியும் ஏற்கவில்லை. லாக் என்பது, அதை எழுதியவர் அன்றைக்குத் தெரிந்துவைத்திருந்த நிலவியல். கோமட்டைட் ஒரு எரிமலைக் குழம்பு என்று தென்னாப்பிரிக்காவின் கோமாட்டி ஆற்றுப் பகுதியில் ஆராய்ந்து எழுதியதே 1969இல்தான். அதற்கு முன் இவ்வளவு சூடான குழம்பு தரையில் ஓடியிருக்கும் என்று யாரும் நம்பவில்லை. நிலத்துக்குள்ளேயே உறைந்த பாறையாகத்தான் எழுதிவைத்தார்கள். தரையில் ஓடாத பாறைக்கு வாய்க்கால் ஏது, வாய்க்காலின் அடி ஏது? கடலடி வெந்நீர் ஊற்றை மனிதக் கண் முதலில் பார்த்தது 1977இல், காலபகோஸ் அருகே. ஏறத்தாழ 350 டிகிரி சூட்டில் கரும்புகையாகச் சல்ஃபைடைக் கக்கும் ஊற்றுகளைக் கிழக்குப் பசிபிக்கில் பார்த்தது 1979இல். அதற்கு முன் எழுதிய லாகுகளில் குளோரைட் என்ற சொல் ஆயிரம் முறை வந்திருக்கலாம். அதை வைத்து ஊற்றின் வாயை நோக்கி எப்படி நகர்வது என்று அன்று யாருக்கும் சரியாகத் தெரியாது. இன்று அதே பாறையில் சோடியம் எங்கே குறைகிறது, மக்னீசியம் எங்கே கூடுகிறது என்று அளந்தே திசையைச் சொல்லிவிடலாம். அன்று யாரும் அளக்காத எண்ணைக் கணினியில் எங்கே தேடுவது? கல் இருந்தால் இன்று அளக்கலாம். இன்று நமக்குத் தெரியாததை நாளை வருபவர் அளப்பார்.

படமும் உதவாது. படத்தில் காந்தம் ஒட்டுமா?

பெட்டிகளை வைத்துப் பராமரிக்கச் செலவாகிறது என்பது அடுத்த பதில். ஆகும், மறுக்கவில்லை. கூரை வேண்டும், அடுக்கு வேண்டும், ஒரு பட்டியலும் அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் வேண்டும். ஆனால் அதே ஆழத்துக்கு அதே பாறையில் மறுபடி துளை போடும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பணம் மட்டும் இல்லை. ஒவ்வொரு புதிய துளைக்கும் ஒரு தடம் வெட்ட வேண்டும், மேடை சமன்படுத்த வேண்டும், தண்ணீர் இறைக்க வேண்டும். இரவும் பகலும் இயந்திரம் ஓடும். அந்த நிலத்தில் வாழ்பவர்களிடம் ஒருமுறை தொந்தரவு கொடுத்துவிட்டுப் போய், நாங்கள் பார்த்ததைத் தொலைத்துவிட்டோம், திரும்பப் பார்க்க வேண்டும் என்று போய் நிற்பதற்கு நமக்கு என்ன முகம் இருக்கிறது?

கல்லை வைத்திருப்பது நேர்மைக்கும் காப்பு. 1990களில் இந்தோனேசியாவின் பூசாங்கில் மாபெரும் தங்கப் படிவம் கிடைத்ததாகச் சொன்ன பிரி-எக்ஸ் நிறுவனம், கோரைப் பாதியாகப் பிளந்து மறுபாதியை வைத்திருக்கும் வழக்கத்தைக் கைவிட்டு, முழுக் கோரையும் நொறுக்கித் தூளாக்கியது. தூளில் வெளியிலிருந்து தங்கம் கலந்திருந்தார்கள். 1997இல் அதே துளைகளின் பக்கத்தில் வேறொருவர் துளை போட்டுப் பார்த்தபோதுதான் அங்கே சொல்லும்படி தங்கம் இல்லை என்பது தெரிந்தது. அது பழைய எரிமலைப் பட்டை இல்லை, இளைய பாறைகள். ஆனால் பாடம் எல்லாப் பாறைக்கும் ஒன்றுதான். மறுபாதிக் கோர் கையில் இருந்திருந்தால், சந்தேகப்பட்ட எவரும் ஒரு துண்டை எடுத்து வேறு ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கலாம். முதலீட்டாளர்களுக்கு அவ்வளவு பணம் போயிருக்காது.

பழைய தகவலைத் திறந்துவிட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. கனடாவின் ரெட் லேக் பட்டையில் சுரங்கம் வைத்திருந்த கோல்ட்கார்ப் நிறுவனம், 2000இல் தன் நிலவியல் தகவல்களை, சுமார் 400 மெகாபைட், இணையத்தில் போட்டு, எங்கே துளை போடலாம் என்று உலகத்தைக் கேட்டது. பரிசுத் தொகை மொத்தம் 5,75,000 டாலர். முதல் பரிசு வாங்கியவர்கள் அந்தச் சுரங்கத்துக்கு வந்தே பார்க்காத ஆஸ்திரேலியக் குழுவினர். நிறுவனம் நினைத்துப் பார்க்காத இடங்கள் பலவற்றை வெளியாட்கள் காட்டினார்கள், தங்கமும் கிடைத்தது. தகவலை மூடிவைத்தால்தான் போட்டியாளரை ஜெயிக்க முடியும் என்று இன்னும் நம்பும் இயக்குநர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அரசுத் துறைகளுக்கும் முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. பின்லாந்தின் நிலவியல் ஆய்வு நிறுவனம் லோப்பி என்ற ஊரில் தேசியக் கோர் காப்பகம் வைத்திருக்கிறது. மில்லியன் கணக்கான மீட்டர் கோர் அங்கே இருக்கிறது. தெற்கு ஆஸ்திரேலிய அரசு 2016இல் அடிலெய்டின் டான்ஸ்லியில் கோர் நூலகம் ஒன்றைத் திறந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த்திலும் கால்கூர்லியிலும் நூலகங்கள் உண்டு. ஒன்டாரியோவிலும் வட்டார நிலவியல் அலுவலகங்கள் கோர் சேகரிப்புகளை வைத்திருக்கின்றன. யாரும் போய், பெட்டியைக் கேட்டு, மேசையில் விரித்துப் பார்க்கலாம். ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆர்ஓ உருவாக்கிய ஹைலாகர் இயந்திரம் கோரின் மேல் ஒளியை ஓடவிட்டு, அதில் இருக்கும் கனிமங்களைச் சென்டிமீட்டர் கணக்கில் பட்டியலிட்டுவிடும். பல பத்தாண்டுகளுக்கு முன் வந்த கோரையும் இப்படிப் படிக்க முடியும். கோர் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

மின்கம்பிக்குச் செம்பு வேண்டும், பேட்டரிக்கு நிக்கல் வேண்டும், இனிமேல் தேவை ஏறும் என்று மேடைக்கு மேடை பேசுகிறீர்கள். புதிய விமான அளவீடுகளுக்கு நிதி ஒதுக்குகிறீர்கள். புதிய தொகுதிகளை ஏலம் விடுகிறீர்கள். நல்லது. ஆனால் ஏலம் விடும் அதே தொகுதியில், முன்பு எடுத்த கோர் மழையில் நனைந்து துருவாகிக்கொண்டிருக்கிறது. பைரோடைட் ஈரத்தில் தாங்காது. எந்தச் சல்ஃபைடைத் தேடுகிறோமோ அதுதான் முதலில் அழியும். மற்ற பாறை பொறுத்திருக்கும், இது பொறுக்காது.

ஆகவே நான் கேட்பவை இவை.

உரிமம் வழங்கும் துறைகளே: உரிமம் முடிந்து இடத்தைச் சுத்தம் செய்யும் நிபந்தனையிலிருந்து கோர் பெட்டிகளைத் தனியே பிரியுங்கள். கோர் குப்பை இல்லை என்று விதியிலேயே எழுதுங்கள். எந்தக் கோரையும் அழிக்கும் முன், துளை எண், இருப்பிடம், ஆழம், பரிசோதித்த பகுதி, பரிசோதித்த உலோகங்கள் இவற்றைக் காட்டும் பட்டியலைப் பொதுவில் வெளியிட வேண்டும். குறைந்தது ஓராண்டு அவகாசம் தர வேண்டும். அந்த ஓராண்டில் பல்கலைக்கழகமோ, வேறு நிறுவனமோ, அரசு நிலவியல் துறையோ எடுத்துக்கொள்ள முன்வந்தால் கொடுத்துவிட வேண்டும். எல்லாப் பெட்டியையும் காலத்துக்கும் வைத்திருக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எதை விடலாம் என்பதை லோடர் ஓட்டுநர் முடிவு செய்யக்கூடாது, கோர் பார்க்கத் தெரிந்த இருவராவது கையெழுத்துப் போட வேண்டும். ஏற்கெனவே மண்ணுக்குள் போன பெட்டிகளின் இடத்தையும் அளந்து பதிவேட்டில் ஏற்றுங்கள். அலுமினியத் தகடுகள் இருக்கும்வரை தோண்டியெடுக்க வாய்ப்பு இருக்கிறது.

நிறுவன இயக்குநர்களே: இந்தப் பட்டைகளில் தங்கத்துக்காகத் துளை போட்டாலும், கோமட்டைட் படிவங்களின் அடிவிளிம்பையும் குளோரைட் மிகுந்த பகுதிகளையும் நிக்கல், செம்பு, துத்தநாகம், கந்தகம் உள்ளிட்ட பல தனிமப் பரிசோதனைக்கு அனுப்புவதைக் கட்டாய நடைமுறையாக்குங்கள். மொத்தச் செலவில் இது சிறு பங்கு. எக்ஸ் கதிரால் தனிமங்களை அளக்கும், கையில் பிடிக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவியால் புள்ளி புள்ளியாகத் தொட்டுப் பார்ப்பது முதல் வடிகட்டலுக்கு உதவும், ஆனால் அதையே முடிவாக எழுதாதீர்கள். பெட்டியில் எஞ்சும் பாதிக் கோரை நொறுக்காதீர்கள். புதிய துளைக்கு நிதி கேட்டு உங்கள் மேசைக்கு வரும் ஒவ்வொரு திட்டத்திலும், அந்த இடத்தின் பழைய கோரை யார் எப்போது பார்த்தார்கள் என்று ஒரு கேள்வி இருக்கட்டும். பதில் இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். கொட்டகையில் வேலை செய்பவர் நிக்கல் இருக்கலாம் என்று எழுதி அனுப்பினால், எழுத்தில் பதில் கொடுங்கள். மறுப்பதானால் அதற்கான காரணம் அந்தத் துளையின் கோப்பிலேயே இருக்கட்டும், அடுத்து வருபவர் படிப்பார்.

நிதி ஒதுக்கும் அமைச்சகங்களே: புதிய அளவீட்டுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கை, சல்ஃபைடு உள்ள பழைய கோரைக் கூரைக்குள் கொண்டுவரவும், அதை ஸ்கேன் செய்து எல்லாரும் பார்க்கும்படி வெளியிடவும் ஒதுக்குங்கள். அரசுப் பணம் ஒரு ரூபாயோ ஒரு டாலரோ சேர்ந்து போட்ட துளையாக இருந்தாலும், அதன் கோர் பொது நூலகத்துக்கு வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். முதலில் எந்தப் பட்டையில் ஆரம்பிப்பீர்கள், எந்தக் கொட்டகைகளைக் கணக்கெடுப்பீர்கள், விதித்திருத்தத்தின் வரைவு எப்போது வரும் என்பதைத் தேதியோடு வெளியிடுங்கள். அதுவரை, உங்கள் ஆளுகையில் இருக்கும் எந்த இடத்திலும் கோரை அழிக்க அனுமதி கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
கோர் கொட்டகைகளில் வேலை செய்த ஒரு நிலவியலாளர்